துவக்குக்கு இரண்டு கால், மனிதனுக்கு ஒரு கால்

கனடாவில் வாழும் என் பள்ளித்தோழன் ஒருவன் சென்ற மாதம் பதினொரு படங்களை அனுப்பியிருந்தான். பேரப்பிள்ளையின் படங்களாக இருக்கும் என்று எண்ணித் திறந்தேன். இல்லை. ஒரு றைபிளின் படங்கள். சரியாகச் சொல்வதானால், றைபிளின் குழலுக்கு அடியில் பூட்டப்படும் இரண்டு காலுள்ள ஒரு தாங்கியின் படங்கள். கடையில் வாங்கியதை வீட்டு நிலக்கீழ் அறையில் வைத்துக் கழற்றி, கால்களை அகட்டி, நிலத்தில் ஊன்றும் முனைகளை நீக்கிவிட்டு, பனிச்சறுக்குக் கட்டைபோல வளைந்த இரண்டு அலுமினியத் தகடுகளைப் பொருத்தியிருக்கிறான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம். கடைசிப் படத்தில் அவனே குப்புறப் படுத்துக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறான், வயிறு மட்டும் சற்று ஒத்துழைக்கவில்லை.

“கடையில இப்பிடி ஒண்டு எடுக்கப் போனா எக்கச்சக்கமான டொலர் மச்சான். நான் கராஜில கிடந்த தகட்டிலயே முடிச்சிட்டன். இதுக்குத் தமிழில என்ன சொல்லுறது? நீதானே பேப்பர்க்காரன்” என்று கேட்டிருந்தான்.

பேப்பர்க்காரன் என்ற முறையில் ‘இருகால் தாங்கி’ என்று பதில் எழுதினேன். அதற்குமேல் எழுத நிறைய இருந்தது. அன்று எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அவனுடைய பொழுதுபோக்கின்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. துவக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவர்களின் கூட்டத்தில் நான் இல்லை. சுளித்து முடிந்துவிட்டது, அந்த வயதும் போய்விட்டது. அவன் ஈடுபட்டிருக்கும் போட்டியைப்பற்றித் தேடிப் படித்தபோது எனக்கு அதன்மீது ஒரு மரியாதையே ஏற்பட்டது. 1990களில் ஜோர்ஜ் ஃபார்குவார்சன் என்ற கனேடியத் துப்பாக்கி வீரருக்கு வயதேறியது. தோளில் வார்ப்பட்டி கட்டி றைபிளைத் தாங்கிக்கொண்டு நெடுந்தூரம் சுடுவது முடியாமற்போகவே, தொலைநோக்கியும் தாங்கியும் வைத்துச் சுட ஒரு பிரிவு வேண்டும் என்று அவர் கேட்டார். அவருடைய பெயரின் முதலெழுத்திலேயே அது ‘எஃப் வகுப்பு’ என்று ஆயிற்று. அதில் இருகால் தாங்கியை வைத்துச் சுடுகின்றவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. தாங்கியையும் சேர்த்து றைபிள் எட்டேகால் கிலோவுக்குமேல் இருக்கக்கூடாது. ஆயிரம் யார் தூரம்வரையில் சுடுகிறார்கள். ஒலிம்பிக்கில் இதற்கு இடமில்லை. அங்கே தாங்கி வைக்க அனுமதியே கிடையாது. சென்னையில் பிறந்த ககன் நரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கிண்ணத் தங்கம் வென்றதும் நின்றுகொண்டு சுடும் பத்து மீற்றர் காற்று றைபிளில். நண்பனின் விளையாட்டு வேறு. இது மூட்டு வலிக்கிற வயதினரின் விளையாட்டு, அவ்வளவுதான்.

தாங்கியின் கால்களை ஏன் அகட்டினாய் என்று கேட்டேன். அதற்கு அவன் தந்த விளக்கம் அழகானது. சுடும்போது றைபிள் பின்னுக்கு உதைக்கும். கால்களின் முனை நிலத்தில் குத்திநின்றால், அந்த உதைப்பில் றைபிள் தவளைபோல எம்பிப் பக்கவாட்டில் விழும். சறுக்குத் தகடு இருந்தால் வந்த வழியே நேராகப் பின்வாங்கி, தள்ளியவுடன் மீண்டும் அதே இடத்துக்கு வந்துவிடும். கால்கள் அகலமாக இருந்தால் குழல் இடமோ வலமோ சரியாது. ஆயிரம் யார் தொலைவில் மயிரிழை சரிந்தாலும் குறி தவறிவிடுமாம். அத்தனை கவனம்! சுடுபவனுக்குப் பின்னால் ஒரு மேற்பார்வையாளர், காற்றைக் காட்டும் கொடிகள், சுடுதளத்தில் ஒருவர் தவறி நடந்தாலும் உடனே எல்லாத் துவக்குகளும் மௌனம். உரிமம், பயிற்சி, பூட்டிய அலுமாரி எல்லாம் வேறு.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

எங்களிடமும் வீட்டில் செய்யப்படும் துவக்கு உண்டு. வீட்டில் செய்யப்படும் தாங்கியும் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கொட்டியாரக் குடாவைச் சுற்றித் தெற்கே மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்று, வெருகல் என்று போனாலும், மேற்கே கந்தளாய், மொறவேவ, கோமரங்கடவல என்று போனாலும், வடக்கே குச்சவெளி, தென்னமரவாடி என்று போனாலும், வயலும் காடும் சந்திக்கின்ற இடங்களில் அது இருக்கிறது. நிலத்தில் நட்ட கவர்த்தடிகளின்மேல் ஒரு குழாய். முழங்காலுக்குச் சற்றுமேல் உயரம், அதாவது பன்றியின் விலாவின் உயரம். குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல். பின்னால் ஆள் இல்லை. மேற்பார்வையாளர் இல்லை. காற்றுக்கொடி இல்லை. குறிபார்ப்பதும் இல்லை, நூலைத் தொடுகிறவர் யாரோ அவரே குறி.

சிங்களத்தில் ‘பந்தின துவக்குவ’ என்பார்கள். தமிழில் கட்டுத்துவக்கு. (துவக்கு, துப்பாக்கி இரண்டுமே துருக்கிச் சொல்லொன்றின் பிள்ளைகள் என்பார்கள். கட்டுதல் மட்டும் சுத்தமான தமிழ். நம்முடைய பங்களிப்பு அது.) இதைக் கையில் ஏந்திச் சுடுகிற இடியன் துவக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது. இடியன் வைத்திருப்பவன் சட்டத்தை மீறுகிறான். ஆனால் அவனுக்குக் கண் இருக்கிறது. எதிரே வருவது பன்றியா, பக்கத்து வளவுப் பிள்ளையா என்று ஒரு கணமாவது பார்ப்பான். கட்டுத்துவக்குக்கு அந்த ஒரு கணம் கிடையாது. அதனாற்றான் அது வேட்டையுமில்லை, காவலுமில்லை என்கிறேன். அது கண்ணிவெடி. போர்க்காலத்தில் கண்ணிவெடி புதைத்தவர்களை மனித குலத்தின் எதிரிகள் என்று எழுதிய இதே கைகள், 2009க்குப் பின்னர் அதே காட்டோரத்தில் அதே வேலையைச் செய்கிறவரை ‘விவசாயி’ என்று மட்டும் எழுதின. என் கையும் அவற்றுள் ஒன்று.

2012ஆம் ஆண்டு, பாலைப்பழக் காலம். வெருகல் பக்கத்தில் ஒரு கிராமம், பெயர் சொல்லப்போவதில்லை. 2006இல் மாவிலாற்றுப் போரோடு இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு திரும்பிவந்த சனங்கள். பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் தம்பியையும் கூட்டிக்கொண்டு பாலைப்பழம் பிடுங்கக் காட்டுக்குப் போனான். இந்தக் காலத்தில் கரடியும் பழத்துக்கு வரும் என்று தாய் எச்சரித்திருக்கிறார். கரடி வரவில்லை. முன்னால் நடந்தவனின் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தூளாகிப்போனது. தம்பி சாரத்தைக் கிழித்துக் கட்டி, இழுத்து, ஒற்றையடிப் பாதைக்குக் கொண்டுவந்து சேர்க்க இரண்டு மணி நேரம். வைத்தியசாலையில் காலை எடுத்துவிட்டார்கள்.

செய்தி எனக்கு வந்தது. எழுதினேன். ‘கட்டுத்துவக்கு வெடித்து இளைஞர் படுகாயம். பொலிஸார் விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்.’ முழுச் செய்தியும் இவ்வளவே. ஆறாம் பக்கத்தில், ஒரு மரண அறிவித்தலின் கீழே வந்தது.

துவக்கு வெடித்தது என்று எழுதினேனே, கட்டியவன் எங்கே? பட்டாசு தானாக வெடித்ததுபோல, இடி தானாக விழுந்ததுபோல எழுதியிருக்கிறேன். எழுவாய் இல்லாத வாக்கியம். பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கணம் படித்துப் பட்டம் வாங்கியவன் எழுவாயை எங்கே ஒளித்துவைக்கலாம் என்பதைத்தான் பத்திரிகையில் கற்றுக்கொண்டிருக்கிறான்.

கட்டியவர் யாரென்று அந்தக் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். காலை இழந்தவனுக்கும் தெரியும். அவர் அவனுக்குத் தூரத்து மாமன் முறை. மூன்றாம் நாள் தோடம்பழமும் பிஸ்கட் பக்கட்டும் வாங்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்து, கட்டிலின் காற்பக்கத்தில் நின்று அழுதிருக்கிறார். பொலிஸார் கேட்டபோது ‘தெரியாது’ என்று பையன் சொன்னான். கோயில் முன்றலில் பெரியவர்கள் கூடி, மாமன் இரண்டு மாடும் கொஞ்சக் காசும் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஒரு மாடு வந்தது.

இதையெல்லாம் நான் அப்போதே அறிந்திருந்தேன். எழுதவில்லை. ‘ஏற்கெனவே நொந்த சனம், நாங்களும் ஏன் காட்டிக்கொடுக்கவேண்டும்’ என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயத்தை இன்று மூன்று மாவட்டங்களிலும் கேட்கலாம். அதைத்தான் உடைக்கவேண்டும்.

திருகோணமலைப் பத்திரிகையாளருக்குத் துவக்குக் காயத்தைப் பார்க்கத் தெரியாது என்று எவரும் சொல்லிவிடமுடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறைக்குள் சென்று எடுத்த படங்களே அவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதை உலகுக்குக் காட்டின. அந்தப் படங்கள் வெளிவந்த மாதம் முடிவதற்குள், ஜனவரி 24ஆம் திகதி காலை, நகரின் நடுவே அவரைச் சுட்டுக்கொன்றார்கள். காயம் எப்படி ஏற்பட்டது, யார் ஏற்படுத்தியது என்று கேட்பதற்காக உயிரைக் கொடுத்த தொழிலைச் செய்கிறோம் நாங்கள். அரசு செய்த காயமென்றால் கேட்போம். மாமன் செய்த காயமென்றால் ஆறாம் பக்கமா? அந்த மனிதரின் படத்துக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறபோது இந்தக் கேள்வி எனக்குள் குத்தாமல் இல்லை.

சரி, எதிர்த் தரப்பின் வாதங்களுக்கு வருவோம். அவை உதாசீனம் செய்யத்தக்கவை அல்ல.

முதல் வாதம், பன்றி. பெரும்போகத்து நெல் குடலைப் பருவத்தில் இருக்கும்போது ஒரு பன்றிக் கூட்டம் ஓர் இரவில் என்ன செய்யும் என்பதை வயலில் இறங்கிப் பார்க்காதவர் பேசக்கூடாது. மரவள்ளி, சோளம், கச்சான் எதையும் விடாது. உண்மை. காட்டுப்பன்றி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்குமல்ல. 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் அதற்கு இடமில்லை. தன் பயிரைத் தின்னும் பன்றியை விவசாயி கொல்வதை யாரும் குற்றமென்று சொல்லவில்லை. ஆகவே பன்றியைக் கொல்லலாமா என்பது இங்கே கேள்வியே அல்ல. ஆளில்லாத துவக்கால், வயலிலிருந்து அரை மைல் தள்ளிக் காட்டுக்குள் கொல்லலாமா என்பதே கேள்வி. பயிரைக் காக்கிற துவக்கு பயிரின் ஓரத்தில் அல்லவா இருக்கவேண்டும்? அந்தப் பையனின் கால் போன இடத்துக்குப் பிறகொருநாள் நானே போய்ப் பார்த்தேன். மிக அண்மித்த வயல், நடந்துபோக இருபத்தைந்து நிமிடம். அருகில் இருந்தது ஒரு நீர்க்குட்டை. தாகத்துக்கு வருகிற மானும் மரையும் பன்றியும் கடக்கிற பாதை. பயிர்க் காவலாம்!

இரண்டாவது வாதம் வலுவானது. ‘உரிமத்தோடு துவக்குத் தந்தார்களா? தராதபோது நாங்கள் என்ன செய்வது?’ என்பது. இதில் அரசின் முகத்தில் நேராகவே சொல்லவேண்டிய விடயங்கள் உள்ளன. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ், பயிர்ப் பாதுகாப்புக்கென சொட்கண் உரிமம் வழங்க மாவட்டச் செயலகத்துக்கு அதிகாரம் உண்டு. என் தகப்பனார் காலத்தில் கச்சேரியில் வரிசையில் நின்று ஆண்டுதோறும் புதுப்பித்தவர்கள் இருந்தார்கள். எண்பதுகளில் எங்கள் கிராமங்களில் இருந்த உரிமத் துவக்குகளை ஒரு பக்கம் அரசு எடுத்தது. மறுபக்கம் இயக்கங்கள் வந்து எடுத்தன. இருவரும் பற்றுச்சீட்டுக் கொடுத்ததாக நான் அறியேன். அதே காலத்தில் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் ஊர்காவற் படையினருக்கு அரசே சொட்கண் வழங்கியது. போர் முடிந்தபின்னர் தமிழ், முஸ்லிம் விவசாயிகள் மீண்டும் விண்ணப்பித்தால் கிராம அலுவலர், கமநல சேவை நிலையம், பொலிஸ் என்று படியேறி, ஏதோ ஒரு படியில் தாள் காணாமற்போய்விடும். இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட உரிமத் துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொன்னது பாதுகாப்பு அமைச்சு. நல்லது. பதிவேட்டில் உள்ள துவக்கை அரசு எண்ணிப்பார்க்கிறது. பதிவேட்டில் இல்லாததை யார் எண்ணுகிறார்கள்? காலை இழந்தவர்களை வைத்துத்தான் எண்ணவேண்டும் போலிருக்கிறது.

ஆனாலும் இந்த வாதம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். அரசு எனக்கு நியாயம் செய்யவில்லை, ஆகவே என் அயலவனின் மகன் நடக்கிற பாதையில் நான் நூல் கட்டுவேன் என்பதில்தான். அரசு செய்த அநீதிக்கு மருமகனின் கால் எப்படி விலையாகும்? அந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. மேலும், சிங்களக் கிராமங்களில் உரிமத் துவக்கும் உண்டு, கட்டுத்துவக்கும் உண்டு. அனுராதபுரம், பொலன்னறுவை வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கட்டுத்துவக்குக் காயங்களைப்பற்றி மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள். காயம் பெரும்பாலும் காலிலே என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உரிமம் கொடுத்துவிட்டால் கட்டுத்துவக்கு ஒழிந்துவிடும் என்பதும் பாதிப் பொய்.

மூன்றாவது வாதம், யானை. யானை என்றவுடன் எல்லோரும் அடங்கிவிடுவார்கள், ஏனெனில் யானை மனிதரைக் கொல்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 470க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன; யானைகளால் இறந்த மனிதர் 150க்கும் அதிகம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் இருந்த யானைகளே 5,879 என்பதை நினைவிற்கொண்டால் இந்த எண்ணிக்கையின் கனம் புரியும். ஆனால் கட்டுத்துவக்கு யானையை விரட்டுவதில்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டிய குழாய் யானையின் முன்னங்காலைத்தான் துளைக்கும். கால் புண்ணாகிச் சீழ்கட்டிய யானை படுத்தால் எழமுடியாது. ஆகவே படுக்காமல் நிற்கும். வாரக்கணக்கில் நிற்கும். தூரம் போகமுடியாது, குளத்தையும் வயலையும் விட்டு அசையாது. வலியோடு ஊருக்குள் நிற்கிற யானையைவிட ஆபத்தான அயலவர் வேறெவருமில்லை. யானைக்கென்று கட்டப்படும் துவக்கு கடைசியில் செய்வது இதுவே. வாயில் கடித்தவுடன் வெடிக்கிற ‘ஹக்கபட்டாஸ்’ என்ற இன்னொரு அயோக்கியத்தனமும் இருக்கிறது. பன்றிக்கென்று வைத்ததைக் குட்டி யானை கடித்து, தாடை சிதறிப் பட்டினியால் சாகிறது. அதைப்பற்றி எழுதினால் இரவு உறக்கம் வராது, விட்டுவிடுகிறேன்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதுமில்லை. கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 டிசம்பரில் அரசிடம் கையளித்த தேசிய செயற்திட்டம் என்ன சொல்கிறது? வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்கோட்டில் மின்வேலி போட்டால் அதன் இரு புறமும் யானை நிற்கும், அது வீண். வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுங்கள். வயல் வேலியை விதைக்கும்போது நட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றுங்கள். பராமரிப்பை அந்த ஊர்ச் சனங்களிடமே விடுங்கள். இவ்வளவுதான். அந்தத் திட்டம் வந்தபின்னர் எத்தனை அரசாங்கம், எத்தனை அமைச்சர்! 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிமுதல் எட்டு ஐந்துவரை நாட்டு மக்கள் அனைவரும் தத்தம் வளவில் நின்று குரங்கையும் மயிலையும் எண்ணவேண்டும் என்று சொன்னார்கள். நானும் நின்று எண்ணினேன், குரங்கு ஒன்று, காகம் கணக்கில் இல்லை. எண்ணத் தெரிந்தவர்களுக்கு வேலி போடத் தெரியவில்லை. பன்றிக்கு எங்கள் பாட்டன்மார் பரண் கட்டி, தகரம் தட்டி, முறைவைத்துக் காவலிருந்தார்கள். இன்று பரணில் இருக்க ஆளில்லை, பிள்ளைகள் கட்டாரில். காவலுக்கு ஆளில்லாத இடத்தை ஆளில்லாத துவக்கு நிரப்புகிறது. இது சமூகத்தின் கதை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் காவலாளியை நியமிக்கமுடியாத வங்கி வாசலில் நூல் கட்டித் துவக்கு வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

இனி, யாரும் பேசாத நான்காவது காரணத்துக்கு வருகிறேன். அது என் நண்பனுக்கும், இதைப் படிக்கின்ற உங்களில் பலருக்கும், எனக்கும் உரியது.

இறைச்சி.

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரட்றிக் கோட்டை வாசலைக் கடந்தவுடன் புள்ளிமான்களைக் காண்பார்கள். நகரத்துக்குள்ளும், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் கூட அவை அலைகின்றன. பிளாஸ்ரிக் பையைத் தின்று சாகின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அவற்றுக்கு வாழைப்பழம் கொடுத்துப் படமெடுப்பார்கள். என் நண்பனும் போன ஆண்டு ஆடியில் வந்தபோது குடும்பத்தோடு அப்படித்தான் படமெடுத்தான். மாலையில் உப்புவெளியில் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். போத்தல் திறந்திருந்தது. அவன் கேட்ட முதற்கேள்வி:

“மச்சான், மரை வத்தல் எங்க எடுக்கலாம்? அந்தக் காலத்து ருசி கனடாவில கிடைக்காதடா.”

எனக்குத் தெரிந்த இடம் ஒன்று இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த இடம் ஒன்று எப்போதும் இருக்கும். நான் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான். கடதாசியில் சுற்றி, கறுத்துக் காய்ந்து. பொரித்தார்கள். தின்றோம். நன்றாக இருந்தது. பொய் சொல்லவரவில்லை.

அந்த மரை எப்படி விழுந்தது என்று நான் கேட்கவில்லை. சுடுவதற்குத் தோட்டா வேண்டும், வெளிச்சமடிக்கவேண்டும், சத்தம் கேட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தார் வருவார்கள். குட்டையோரத்தில் நூல் கட்டிவிட்டு வீட்டிற்போய் உறங்குவது இலகு. விடியப் போய்ப் பார்த்தால் விழுந்து கிடப்பது எதுவோ அது சந்தைக்கு வரும். மனிதன் விழுந்து கிடந்தால் மட்டும் சந்தைக்கு வராது, ஆறாம் பக்கத்துக்கு வரும்.

வெளிநாட்டுக் காசுக்கு வத்தல் தேடும் பருவம் எது? ஆடி, ஆவணி, மார்கழி. விமானச் சீட்டு மலிகிற மாதங்கள் அல்ல, பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை மாதங்கள். அந்த மாதங்களில் கிராமத்துக் காட்டோரத்தில் நூல் கூடுகிறதா என்று அந்தப் பையனிடம், இப்போது முப்பது தாண்டிய மனிதனிடம், அண்மையில் கேட்டேன். ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். செயற்கைக் கால் உராய்வதால் வெயில் காலத்தில் கழற்றிப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டுத்தான் இருப்பார். சிரித்துக்கொண்டு சொன்னார்: “உங்கட வெளிநாட்டு ஆக்கள் வாற நேரம் நாங்க விறகுக்கும் போறதில்ல ஐயா.”

உங்கட ஆக்கள் என்றார்.

ஆகவே நண்பா, உன் தாங்கியின் படத்தைப் பார்த்தவுடன் எனக்கு ஏன் பதில் வரவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். நிலக்கீழ் அறையில் அரத்தால் தேய்த்துத் தேய்த்து நீ செய்தது, குறி ஒரு மயிரிழையும் தவறக்கூடாது என்பதற்காக. எதிரே இருப்பது கடதாசி என்பது உறுதியாகத் தெரிந்தபின்னரும் அத்தனை கவனம் எடுக்கிறாய். நீ இங்கே வந்து பொரித்துத் தின்றது, குறியே பார்க்காத ஒரு துவக்கின் விளைச்சல். அதே கைகள்தானே? உன்னைமட்டும் குற்றம் சொல்லவில்லை. தொலைபேசி எடுத்தவன் நான்.

கட்டுகிறவரைப் பொலிஸிடம் காட்டிக்கொடுப்பதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆம். காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லுக்கு நம்மிடையே ஒரு வரலாறு உண்டு. அதை உச்சரிக்கவே நா கூசும் என்பது தெரியும். அந்தக் கூச்சத்தைத்தான் நூல் கட்டுகிறவர் நம்பியிருக்கிறார். அதேசமயம் பொலிஸாருக்கும் சொல்ல உண்டு. இடியனோடு பிடிபட்ட கிழவரைப் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறீர்கள். வத்தல் வாங்குகிற விடுதியின் சமையலறைக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா? யானை தாக்கி இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு நட்டஈடு வழங்குகிறது. கட்டுத்துவக்கில் காலை இழந்தவருக்கு அப்படியொரு வழி உண்டென்று அந்தப் பெட்டிக்கடைக்காரரிடம் இத்தனை ஆண்டுகளில் ஓர் அதிகாரியும் வந்து சொல்லவில்லை. கோயில் முன்றலில் தீர்ந்த ஒரு மாட்டோடு அது முடிந்தது.

முப்பது ஆண்டுகளாக நான் எழுதிய இரண்டுவரிச் செய்திகளின் வெட்டுத் துண்டுகள் ஒரு தகரப்பெட்டியில் இருக்கின்றன. சென்ற வாரம் அவற்றைக் கொட்டி, கட்டுத்துவக்கு என்ற சொல் உள்ளவற்றைப் பிரித்தெடுத்தேன். இந்த மாவட்டத்தில் மட்டும் நாற்பத்தொன்று. ஒன்றிலும் எழுவாய் இல்லை. ஒவ்வோர் ஊராகப் போய், காயப்பட்டவரைக் கண்டு, எங்கே வெடித்தது, வயலிலிருந்து எவ்வளவு தூரம், பின்னர் என்ன நடந்தது என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதலாவதாக வெருகல் பெட்டிக்கடைக்காரரின் கதையை முழுமையாக எழுதி முடித்துவிட்டேன். அவர் வாசித்துப் பார்த்துச் சம்மதித்தபின்னர், மாமனின் பெயர் தவிர்த்து, இங்கே வெளியிடுவேன். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் எனக்கு எழுதுங்கள். வத்தல் எங்கே எடுக்கலாம் என்று கேட்டுமட்டும் இனி யாரும் எழுதவேண்டாம்.